டின் சார்டின் வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் காலைக் கடை போட்டு நாசி லெமாக்கும் (தேங்காய்ப்பால் சோறு) சார்டின் கறிபாப்பும் (உள்ளடை வைத்துப் பொரித்த மாவுப் பலகாரம்) விற்கிறேன். தோட்டத்து வேலைக்குப் போகிறவர்களும், பிள்ளைகளைப் பள்ளியில் விட வருகிறவர்களும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: எந்த டின் வாங்கினால் நல்லது? பொட்டலம் மடிக்கிற நேரத்துக்குள் அதற்கு முழுப் பதில் சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

தக்காளி சாஸில் அடைத்த மீனைப் பற்றி மட்டும்தான் பேசப்போகிறேன். எண்ணெயில் அடைத்ததும் டுனாவும் இதில் இல்லை. "இந்த பிராண்டை வாங்குங்கள்" என்ற முடிவும் இருக்காது. டின்னைத் திருப்பிப் பின்பக்கம் படிக்கத் தெரிந்தால் அந்த முடிவை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

அக்கா, ஒரு டின்ல சார்டின்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல மெக்கரல்னு போட்டிருக்கு. படம் ஒரே மாதிரிதான் இருக்கு. ரெண்டும் ஒண்ணுதானா?

இல்லை. மெக்கரல் என்பது நம் ஊர் கெம்போங் மீனுக்குச் சொந்தக்கார இனம், தமிழ்நாட்டில் கானாங்கெளுத்தி என்பார்கள். சார்டின் என்பது மத்தி, சாளை குடும்பம். மெக்கரலின் சதை தடிப்பாக இருக்கும், பாளம் பாளமாகப் பிரியும், கொஞ்சம் உலர்ந்தாற்போல இருக்கும். சார்டின் மெத்தென்று இருக்கும். எண்ணெய்ப் பசையும் மீன் வாசமும் அதில் தூக்கல்.

சந்தேகமாக இருந்தால் பொருள் பட்டியலைப் பாருங்கள். சில டின்களில் மீனின் அறிவியல் பெயரும் இருக்கும். 'சார்டினோப்ஸ்', 'சார்டினெல்லா', 'சார்டினா' என்று தொடங்கினால் சார்டின் வகை. 'ஸ்கோம்பர்' என்றால் மெக்கரல். உலக உணவுத் தரநிலையான கோடெக்ஸ், அடைமொழி எதுவும் இல்லாத 'சார்டின்' என்ற பெயரை ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா பக்கம் கிடைக்கும் ஒரே ஒரு மீனுக்குத்தான் ஒதுக்கியிருக்கிறது. மற்றவற்றுக்கு முன்னால் நாட்டின் பெயரோ, பகுதியின் பெயரோ, மீன் இனத்தின் பெயரோ வர வேண்டும். நம் வீட்டில் யார் இதையெல்லாம் பார்க்கிறோம்? எந்த டின்னாக இருந்தாலும் "அந்த சார்டின எடு" என்பதுதான் பழக்கம். இரண்டில் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்றில்லை. ஆனால் சார்டினையும் மெக்கரலையும் பக்கத்தில் வைத்து விலை ஒப்பிட்டால் அது சரியான ஒப்பீடு ஆகாது.

கோழிப் படம் போட்டதுதான் ஒரிஜினல்னு எங்கம்மா சொல்வாங்க. மத்ததெல்லாம் சும்மாவா?

அம்மா சொல்வதற்குக் காரணம் உண்டு. கோழிச் சின்னம், அதாவது ஆயாம் பிராண்டு, 1892இல் அல்ஃபிரட் க்ளூவே என்ற பிரெஞ்சுக்காரர் சிங்கப்பூரில் தொடங்கிய வியாபாரத்தில் இருந்து வந்தது. மீன் டின்னில் சேவல் எப்படி வந்தது என்று கேட்காத பிள்ளை கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் படத்தைக் காட்டி வாங்க முடிந்தது. லயத்து வீடுகளில் அந்தப் பழக்கம் மூன்று நான்கு தலைமுறையாகத் தொடர்கிறது.

ஆனால் ஒரே பிராண்டிலேயே சார்டினும் இருக்கிறது, மெக்கரலும் இருக்கிறது, மிளகாய் சேர்த்ததும் இருக்கிறது, அளவும் பலவிதம். "கோழிச் சின்னம் வாங்கினேன்" என்பதை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பேரங்காடிகள் சொந்தப் பெயரில் விற்கும் மலிவு டின்களையும் பெயரை மட்டும் பார்த்து ஒதுக்க வேண்டாம். அவை எங்கே, யாரால் தயாரிக்கப்பட்டவை என்பது சின்ன எழுத்தில் இருக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: டின் அடைத்த நாடும் மீன் பிடித்த கடலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. உறைய வைத்த மீனை வேறு நாட்டிலிருந்து வரவழைத்து அடைப்பது இந்தத் தொழிலில் சகஜம்.

பெரிய டின் வாங்கினா லாபமா, சின்ன டின் மூணு வாங்கினா லாபமா?

நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் காசு போவது இங்கேதான். லேபிளில் இரண்டு எடை உண்டு. 'பெராட் பெர்சே' என்பது மீனும் சாஸும் சேர்ந்த நிகர எடை. 'பெராட் தோஸ்' அல்லது 'பெராட் தொஸ்கான்' என்பது சாஸை வடித்த பிறகு மிஞ்சும் மீனின் எடை. திரவத்தில் அடைத்த உணவுக்குக் குறைந்தபட்ச வடித்த எடையையும் போட வேண்டும் என்று 1985ஆம் ஆண்டு மலேசிய உணவு விதிமுறைகள் சொல்கின்றன. முன்பக்கம் பெரிதாகத் தெரிவது முதல் எடை. இரண்டாவதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், சில டின்களில் அது லேபிள் ஒட்டிய மடிப்புக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும்.

உயரமான 425 கிராம் டின்னில் மீன் பெரும்பாலும் பாதிக்குச் சற்று மேல்தான், மீதி சாஸ். அதனால் விலையை மீன் எடையால் வகுத்துப் பார்க்க வேண்டும். கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம். முதல் டின் 8 வெள்ளி (ரிங்கிட்), வடித்த எடை 235 கிராம். அப்படியென்றால் 100 கிராம் மீன் 3 வெள்ளி 40 காசு. இரண்டாவது டின் 8 வெள்ளி 60 காசு, வடித்த எடை 265 கிராம். இதில் 100 கிராம் மீன் 3 வெள்ளி 25 காசுக்குக் கிடைக்கிறது. விலைச் சீட்டில் கூடுதலாகத் தெரிந்த டின்தான் உண்மையில் மலிவு. சின்ன 155 கிராம் டின் 3 வெள்ளி 60 காசு, மீன் 90 கிராம் என்றால் 100 கிராமுக்கு 4 வெள்ளி ஆகிறது. டின் தகரத்துக்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம் அல்லவா.

அப்படியென்றால் எப்போதும் பெரிய டின்தானா? ஒரே ஆள் இருக்கிற வீட்டில் பாதியைச் சாப்பிட்டு மீதியை வீசினால் அந்த லாபம் குப்பைக்குத்தான் போகும். கைபேசியில் கணக்குப் போடுவதற்குச் சோம்பல் இருந்தால் வடித்த எடையை மட்டுமாவது பாருங்கள். ஒரே அளவு டின்கள் இரண்டில் அது கூடுதலாக உள்ளதை எடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

சாஸ் நல்லா கெட்டியா இருந்தா தக்காளி நிறைய போட்டிருக்கான்னுதானே அர்த்தம்?

அப்படி நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். கெட்டி இரண்டு வழியில் வரும். ஒன்று தக்காளி விழுது, மற்றொன்று மாவு. லேபிளில் பொருள்கள் எடை கூடியதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில் எழுதப்பட்டிருக்கும். முதலில் மீன் வரும். அடுத்து 'பெஸ் தொமாத்தோ' (தக்காளி விழுது) வந்தால் நல்லது. தண்ணீர், சர்க்கரை, மாவு எல்லாம் முன்னால் நின்று தக்காளி பின்னால் வந்தால், அந்தக் கெட்டி எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிடும். 1422, 1442 என்ற எண்கள் பதப்படுத்திய மாவைக் குறிக்கும். 412 கொத்தவரை விதைப் பசை, 415 சாந்தன் பசை. சிவப்பு நிறத்துக்கு 160சி என்று இருந்தால் அது மிளகாய் வகையில் இருந்து எடுத்த சாயம். இவை எதுவும் விஷமில்லை. தக்காளிக்குக் கொடுக்கிற விலையை மாவுக்குக் கொடுக்க வேண்டுமா என்பதுதான் விஷயம்.

வீட்டில் பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு கரண்டி சாஸை வெள்ளைத் தட்டில் விட்டுப் பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். தக்காளி சாஸ் என்றால் ஓரத்தில் மெல்லிய தண்ணீர் வளையம் கசிந்து நிற்கும், விரலால் தேய்த்தால் நார்நாராகத் தட்டுப்படும். மாவு சாஸ் வளையம் விடாமல் பளபளவென்று நிற்கும், குளிர்பெட்டியில் வைத்தால் கூழ் மாதிரி உறையும். சாம்பல் (மிளகாய் விழுதில் செய்யும் காரத் தொக்கு) செய்யும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். மாவு சாஸ் சட்டியில் ஒட்டி அடிப்பிடிக்கும்.

ஒரு டின்ல மீன் முழுசா அழகா இருக்கு. இன்னொண்ணத் திறந்தா ஒரே கூழா இருக்கு. கெட்டுப்போன மீனைப் போட்டு அடைக்கிறாங்களா?

கூழானது எல்லாம் கெட்டது அல்ல. மீன் பிடிபடும்போது வயிறு நிறைய இரை இருந்தால், அதன் செரிமான நொதிகள் வயிற்றுச் சதையையே அரித்துவிடும். அந்த மீனுக்குத்தான் வயிறு வெடித்திருக்கும். உறைந்த மீனை ரொம்ப நேரம் இளக விட்டாலும் சதை பிடிப்பை இழக்கும். லாரியில் குலுங்கி வந்ததும் ஒரு காரணம். ஆனால் ஒரே பிராண்டு மாதா மாதம் கூழாகவே வந்தால் மீன் தேர்வில் சிக்கனம் பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

நல்ல டின்னைத் திறந்தால் தோல் வெள்ளியாகச் சதையோடு ஒட்டியிருக்கும். துண்டின் வெட்டு வாய் நேராக இருக்கும், நடு முள்ளைச் சுற்றிச் சதை இளம் சாம்பல் நிறத்தில் தெரியும். முள்ளோரம் கருத்த ரத்தக்கட்டு இருந்தால் மீனைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்று பொருள். கசப்பும் அங்கிருந்துதான் வரும்.

அப்போ எதுக்கு எந்த டின் வாங்கணும்? நீங்க என்ன வாங்குவீங்க?

கறிபாப் உள்ளடைக்கு மெக்கரல். தண்ணீர் குறைவு, உதிர்த்தால் பூவாக உதிரும், மாவு நமுத்துப் போகாது. உருளைக்கிழங்கோடு பிரட்டுவதற்கும் அதுதான். நாசி லெமாக்குக்கு வைக்கும் சாம்பலுக்கும், ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் கறிக்கும் சார்டின். அதன் எண்ணெய் குழம்பில் இறங்கினால்தான் ருசி. பெரிய வெங்காயத்தை வட்டமாக நறுக்கி வதக்கி, காய்ந்த மிளகாய் விழுது போட்டு எண்ணெய் பிரிந்த பிறகு முதலில் சாஸை மட்டும் ஊற்றிச் சுண்ட விடுங்கள். மீனைக் கடைசியில் மெதுவாக இறக்கி, மூடி வைத்து அடுப்பை அணையுங்கள். சேர்த்தே கொதிக்க விட்டால் எவ்வளவு விலையுயர்ந்த டின்னாக இருந்தாலும் முந்தைய கேள்வியில் சொன்ன கூழ்தான் கிடைக்கும்.

ரொட்டிக்கு நடுவில் மசித்துத் தடவுவதற்கு எது மலிவோ அது போதும். எப்படியும் மசிக்கத்தானே போகிறோம்.

பிள்ளைக்குக் குடுக்கும்போது முள்ளை எடுத்துடணுமா?

நடு முள் பஞ்சு போல ஆகியிருக்கும், விரலால் நசுக்கிப் பாருங்கள். டின்னை மூடிய பிறகு சுமார் 115 முதல் 121 டிகிரி சூட்டில் அழுத்தத்தோடு வேக வைக்கிறார்கள், அதில் முள் இளகிவிடுகிறது. முள்ளோடு சாப்பிட்டால் 100 கிராம் சார்டினில் 200 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். பால் குடிக்க அடம்பிடிக்கும் பிள்ளைக்கு இது நல்ல வழி. சின்னக் குழந்தை என்றால் மசித்துக் கொடுங்கள். முள்ளை எடுத்து வீசிவிட்டுச் சுண்ணாம்பு மாத்திரை வாங்குகிற வீடுகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

மூணு வருஷம் கெடாம இருக்குன்னா எவ்வளவு மருந்து போட்டிருப்பான்?

மருந்தே தேவையில்லை. மேலே சொன்ன சூடுதான் காவல். காற்றுப் புகாமல் மூடிய டின்னுக்குள் கிருமிகளும் அவற்றின் வித்துகளும் சாகும் அளவுக்குச் சூடாக்கிவிடுகிறார்கள். டின் முழுதாக இருக்கும்வரை உள்ளே புதிதாக எதுவும் நுழைய முடியாது.

டின் நசுங்கியிருக்குன்னு பாதி விலைக்குப் போட்டிருக்கான். வாங்கலாமா? பந்துவான்னு உதவியா குடுத்த கூடையில வந்த டின்னும் சிலது துருப்பிடிச்சு இருக்கு.

எங்கே நசுங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. நடு வயிற்றில் லேசான பள்ளம் என்றால் பரவாயில்லை. மேல் விளிம்பு, கீழ் விளிம்பு, பக்கவாட்டு இணைப்பு ஆகிய இடங்களில் நசுங்கியிருந்தாலோ, பள்ளம் கூர்மையாக மடிந்திருந்தாலோ வாங்க வேண்டாம். அங்கே கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டிருக்கலாம். துரு, துணியால் துடைத்தால் போகிற அளவு என்றால் பயமில்லை. நகத்தால் சுரண்டினால் குழி விழும் துரு என்றால் வீசிவிடுங்கள்.

மூடி உப்பியிருந்தால், அமுக்கினால் 'டக்' என்று உள்ளே போய் வெளியே வந்தால், திறக்கும்போது பீய்ச்சி அடித்தால், ருசி கூடப் பார்க்கக் கூடாது. போட்டுலினம் என்ற கிருமியின் நஞ்சுக்கு வாசமும் கிடையாது, ருசியும் கிடையாது. இலவசமாக வந்த கூடை என்பதற்காக மனம் கேட்காமல் சமைத்துவிடாதீர்கள். புரட்டாசி விரதத்துக்கு முன்னால் வாங்கி அலமாரியின் பின்னால் தள்ளி வைத்த டின்களையும் ஒருமுறை வெளியே எடுத்துத் தேதி பாருங்கள்.

திறந்த டின்ன அப்படியே ஐஸ்பெட்டில வைக்கலாமா?

வேண்டாம். தக்காளிப் புளிப்பு தகரத்தைத் தாக்கும், மறுநாள் இரும்பு வாசம் அடிக்கும். கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றி மூடி வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

எனக்கு பி.பி. இருக்கு. உப்பு கம்மியான டின்ன எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சத்துப் பட்டியலில் 'சோடியம்' என்ற வரியைப் பாருங்கள். அதை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 100 கிராமில் 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1 கிராம் உப்பு. பெரிய டின்னில் பாதியைச் சாஸோடு சாப்பிட்டால் 2 கிராமுக்கு மேல் போய்விடும். ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒப்பிடும்போது ஒரு சூழ்ச்சியைக் கவனியுங்கள். ஒரு டின்னில் 'ஒரு பரிமாறல்' என்று 50 கிராமுக்குப் போட்டிருப்பார்கள், இன்னொன்றில் 85 கிராமுக்கு. முதல் டின்னில் உப்பு குறைவு போலத் தெரியும். எப்போதும் 100 கிராம் பத்தியை மட்டும் ஒப்பிடுங்கள்.

சமைக்கும்போது நீங்கள் உப்புப் போடாமல் இருப்பதுதான் பெரிய உதவி. என் சாம்பலில் நான் தனியாக உப்புப் போடுவதே இல்லை, இதுவரை யாரும் சப்பென்று இருப்பதாகச் சொன்னதில்லை. யூரிக் ஆசிட் ஏறிக் கால் கட்டைவிரல் வீங்குகிறவர்களுக்கு வேறு பதில்: உடலில் யூரிக் ஆசிட்டாக மாறும் பியூரின் சார்டினிலும் மெக்கரலிலும் அதிகம், எந்த பிராண்டுக்கும் இதில் விதிவிலக்கு இல்லை. மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

டின் மீன்ல புழு இருந்துச்சுன்னு அப்பப்போ வாட்ஸ்அப்ல வருதே, பொய்யா?

முழுப் பொய் இல்லை. 2018இல் இந்தோனேசியாவின் உணவு, மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 27 பிராண்டு மெக்கரல் டின்களில் ஒட்டுண்ணிப் புழு இருந்ததாக அறிவித்தது. அனிசாகிஸ் போன்ற இந்தப் புழுக்கள் கடல் மீனின் குடலில் இயல்பாகவே இருப்பவை. தொழிற்சாலையில் புதிதாக வந்து சேர்வதில்லை. டின்னுக்குக் கொடுக்கும் சூட்டில் அவை செத்துவிடும், அதனால் உயிருள்ள புழுவால் வரும் நோய் வராது. ஆனால் ஒவ்வாமை உள்ள சிலருக்குச் செத்த புழுவும் ஒத்துக்கொள்ளாது. அதோடு, பார்த்த பிறகு யார் சாப்பிடுவார்கள்? வாட்ஸ்அப்பில் வரும் படம் எந்த ஆண்டு எடுத்தது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பழைய படமே சுற்றிச் சுற்றி வருகிறது.

எங்க வீட்டுக்காரருக்கு ஒரு நாள் சாப்பிட்டதும் முகம் சிவந்து, வாயெல்லாம் சுருக்கு சுருக்குன்னு இருந்துச்சாம். அடுத்த வாரம் அதே பிராண்டு சாப்பிட்டாரு, ஒண்ணும் ஆகலை. எப்படி?

இது ஹிஸ்டமினாக இருக்கலாம். சார்டின், மெக்கரல் போன்ற மீன்களைப் பிடித்த உடனே ஐஸில் போடாமல் விட்டால் அதில் ஹிஸ்டமின் என்ற பொருள் ஊறும். டின் சூட்டில் கிருமி சாகும், ஹிஸ்டமின் அழியாது. நாம் மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. அதனால்தான் ஒரே பிராண்டில் ஒரு தொகுதி (ஒரே நேரத்தில் அடைத்த டின்கள்) மட்டும் தொந்தரவு செய்கிறது. கோடெக்ஸ் வைத்திருக்கும் பாதுகாப்பு வரம்பு ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம். நாக்கில் மிளகு போலக் காரம் சுருக்கென்று தைத்தால் அந்த டின்னை அதோடு நிறுத்திவிடுங்கள். முகம் சிவப்பது, தலைவலி, தடிப்பு, படபடப்பு எல்லாம் சில மணி நேரத்தில் அடங்குவது வழக்கம். மூச்சுத் திணறினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஒவ்வொரு முறை மீன் சாப்பிடும்போதும் இப்படி ஆனால் அது உண்மையான மீன் ஒவ்வாமையாக இருக்கலாம், அதற்குத் தனியாகப் பரிசோதனை வேண்டும்.

மீனுக்குள்ள கண்ணாடித் துண்டு கிடந்துச்சு! கடைக்காரர் "அது உப்புக் கல்"னு சொல்லி அனுப்பிட்டாரு. நம்பலாமா?

நம்புவதற்கு முன் சோதித்துவிடலாம். டின் மீனில் ஸ்ட்ருவைட் என்ற படிகம் உருவாகும். மீனிலேயே உள்ள மெக்னீசியம், பாஸ்பேட், அமோனியா மூன்றும் சேர்ந்து, டின் ஆறும்போதும் கடையில் காத்திருக்கும்போதும் மெல்ல வளர்வது அது. பார்வைக்கு அசல் கண்ணாடிதான், பயப்படுவது நியாயம். அந்தத் துண்டை ஒரு கரண்டியில் வைத்து, சூடு செய்த வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ ஊற்றுங்கள். ஸ்ட்ருவைட் சில நிமிடங்களில் கரையத் தொடங்கும், கண்ணாடி கரையாது.

கரையவில்லை என்றால் துண்டை ஒரு பையில் போட்டு வையுங்கள். மிச்ச மீனை வீச வேண்டாம், மூடி உறைய வையுங்கள். டின்னையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் உணவுப் பாதுகாப்புப் பிரிவில் கொடுங்கள். முக்கியமாக மூடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தேதிக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எழுத்தும் எண்ணும்தான் தொகுதி அடையாளம். பெரும்பாலான டின்களில் அது மூடியில் அல்லது அடித் தகட்டில்தான் இருக்கும், லேபிளில் இருக்காது. அது இல்லாமல் போனால் அதிகாரிகளால் மீதி டின்களைத் தேடிப் பிடிக்க முடியாது.